அடிபட்ட கோழி எதைக் கற்றுக்கொள்கிறது?

சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் மூன்று பாத்தி அரைக்கீரை இருந்தது. விதை தூவி, சாணிப்பொடி போட்டு, பூவாளியில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தால் நாலாம் நாள் மண் வெடித்து முளை தெரியும். அன்றைக்குத்தான் கருப்பி வரும். அது ஒரு நாட்டுப்பெட்டை. வலது காலால் இரண்டு பறிப்பு, இடது காலால் ஒரு பறிப்பு, பிறகு ஓர் எட்டுப் பின்னால் வைத்து, பறித்த இடத்தைத் தலை சாய்த்துப் பார்க்கும். அப்பத்தா விளக்குமாற்றை எறிவாள். கருப்பி ஊரைக் கூட்டிக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடும். விழுந்த விளக்குமாற்றை நான் போய் எடுத்து வருவதற்குள் மறுபடி பாத்தியில் நிற்கும். இதுக்கு ரோசமே கிடையாதா என்று கேட்டால், "அதுக்கு என்னத்தத் தெரியும், வயித்தத் தெரியும்" என்பாள் அப்பத்தா.

கோழி வளர்க்கும் வீட்டில் விளக்குமாறு பறக்காத நாள் குறைவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் புறக்கடையில் வளரும் கோழியினப் பறவைகள் 31 கோடிக்கு மேல். 2012 கணக்கைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு கூடுதல். முட்டை குடிக்கிற கோழி, அடையைவிட்டு எழாத கோழி, மற்றதன் முதுகைக் கொத்திப் புண்ணாக்குகிற கோழி, கூட்டுக்கு வராமல் முருங்கையில் ஏறிக்கொள்கிற கோழி, ஆள் மேல் பாய்கிற சேவல் என்று குற்றப்பட்டியலும் நீளம். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு தண்டனை உண்டு. இந்தத் தண்டனைகளுக்கு ஏதாவது பலன் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பலன் இருப்பதாகத் தெரிகிற இடங்களில் அது எதனால் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கோழியைத் தண்டித்த கதைகளில் மிகப் பழையதாக நான் அறிந்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் நடந்தது. 1474இல் அங்கே ஒரு சேவல் முட்டையிட்டது என்று வழக்கு நடத்தி, இயற்கைக்கு மாறான குற்றம் என்று தீர்ப்புச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அதை எரித்தார்கள். நாம் சிரித்துவிட்டுப் போக முடியாது. பெட்டை கூவினால் குடிக்கு ஆகாது என்று சொல்லி அன்றைக்கே கழுத்தைத் திருகுவது நம் ஊர்களிலும் இருந்தது. பாசலில் எரிந்ததும் இங்கே அறுபட்டதும் ஒரே உடற்கோளாறாக இருந்திருக்கலாம். பெட்டைக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்யும். நோயாலோ கட்டியாலோ அது கெட்டுப்போனால், வலப்பக்கம் உறங்கிக் கிடந்த உறுப்பு ஆண் உறுப்பைப் போல வளர்வதுண்டு. அப்போது கொண்டை பெருக்கும், வால் இறகு வளையும், கூவவும் செய்யும். நோய்ப்பட்ட பெட்டையைச் சகுனம் கெட்டது என்று கொன்றோம்.

கோழிக்குக் கற்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது தவறு. உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள். 1955இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அவர்கள் நடத்திய காட்சிக்கூடத்தில் கோழிகள் வித்தை காட்டிப் பிழைத்தன. பழக்கியதெல்லாம் தீனி கொடுத்துத்தான். கோழிக்குப் பொறுமையும் உண்டு. 2005இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், உடனே கிடைக்கும் கொஞ்சம் தீனியை விட்டுவிட்டு, 6 வினாடி கழித்துக் கிடைக்கும் கூடுதல் தீனிக்காகக் கோழிகள் காத்திருந்தன.

ஆனால் பிரெலண்ட் தம்பதியின் பெயரை நிலைக்க வைத்தது அவர்களுடைய தோல்விகளைப் பற்றிய கட்டுரை. 38 வகை விலங்குகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பழக்கிய பிறகு, 1961இல் ‘உயிரிகளின் தவறான நடத்தை’ என்ற பொருள்படும் தலைப்பில் எழுதினார்கள். அதில் ஒரு கோழி வருகிறது. மேடை மேல் ஏறிப் பன்னிரண்டு, பதினைந்து வினாடி சும்மா நிற்க வேண்டும், நின்றால் தீனி. பாதிக்கு மேற்பட்ட கோழிகள் நிற்கவில்லை. மேடையைக் காலால் பறித்துக்கொண்டே இருந்தன. பறிப்பதற்குத் தீனி கிடையாது, அது வீண் உழைப்பு, ஆனாலும் விடவில்லை. தீனி வரப்போகிறது என்றவுடன் காட்டுக்கோழிக் காலத்திலிருந்து வரும் பழக்கம் பயிற்சியை மீறி எழுந்துவிடுகிறது என்று முடிவு கட்டினார்கள். கடைசியில் அந்தப் பறிப்பையே ‘ஆடும் கோழி’ என்று காட்சியாக்கிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் சொல் நினைவுக்கு வந்தது. இரை தேடுவதும் பறிப்பதும் கோழிக்கு இரண்டல்ல. ஈரமாய், எருவிட்டு, பொலபொலவென்று கிடக்கும் பாத்தி அதற்குப் போட்ட இலை மாதிரி. அதில் இறங்காதே என்று விளக்குமாற்றால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

‘அடியாத மாடு பணியாது’ என்று மாட்டைச் சொன்னோம். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று பிள்ளைகளையும் சொன்னோம். அவை சரியா என்பது தனி வழக்கு. கோழியின் விஷயத்தில் அடி எங்கே பிசகுகிறது என்று மட்டும் பார்க்கலாம். ஒரு செயலும் அதன் விளைவும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால்தான் எந்த விலங்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். காலையில் உடைந்த முட்டைக்குச் சாயங்காலம் விழும் அடியில் அந்தச் சேர்க்கை இல்லை. பாத்தியில் நிற்கும்போதே அடித்தாலும், கோழியின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது கீரையா, கையை ஓங்கிக்கொண்டு வரும் ஆளா? ஆள்தான். கோழிகள் மனிதர்களை அடையாளம் காணும். அதனால் போகப்போக, அப்பத்தா திண்ணையில் இருந்தால் கருப்பி பாத்திப் பக்கம் வராது. அப்பத்தா ரேசன் கடைக்குக் கிளம்பினால் வரும். தண்டனையிலிருந்து அது எடுத்துக்கொண்ட பாடம் இவ்வளவுதான்.

அந்தப் பாடத்துக்கு விலையும் உண்டு. ஆளைக் கண்டு அஞ்சும் கோழி கைக்குச் சிக்காது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடப் பிடிக்க முடியாது, காலில் புண் இருந்தால் பார்க்க முடியாது. மிரண்ட கோழி வெளிவர வேண்டிய முட்டையை உள்ளேயே நிறுத்திவைக்கும். அப்படித் தங்கிய முட்டையின் ஓட்டின் மேல் கூடுதலாகச் சுண்ணம் படிந்து வெளிறித் தெரியும். முட்டை போடும் இடத்தையும் மாற்றிக்கொண்டு வேலிக்குள்ளே, வைக்கோலுக்குள்ளே போய் இடும். கோழி திருட்டுத்தனம் பண்ணுகிறது என்று நாம் அதற்கும் அடிப்போம்.

முட்டை குடிக்கும் கோழிக்கு வருகிறேன். இதற்கு ஊரில் சொல்லும் வைத்தியம் மிளகாய். முட்டையில் துளையிட்டு, உள்ளே மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றிக் கூட்டில் வைத்துவிட்டால், கொத்தின கோழி காரம் தாங்காமல் ஆயுசுக்கும் முட்டையைத் தொடாது என்பார்கள். கோழி அதையும் நிதானமாகக் குடித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டு போகும். பாலூட்டிகளின் வாயில் மிளகாய் எரிவது ஒரு நரம்பு வாங்கியால். அதே வாங்கி கோழியிடம் வேறு வடிவில் இருக்கிறது. சூட்டை உணரும், மிளகாயின் காரத்தை உணராது. டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 2002இல் கோழியின் வாங்கியையே எடுத்துச் சோதித்து இதைக் காட்டியது. அந்த வாங்கியைக் கண்டறிந்ததற்காக அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கிளி பழுத்த மிளகாயை ஆசையாகத் தின்பதை நாம் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் கோழிக்கு மட்டும் காரம் உறைக்கும் என்று நம்பியிருக்கிறோம்.

முட்டை குடிப்பது தொடங்குவது பெரும்பாலும் விபத்தில். ஓடு மெலிந்த முட்டை தானாக உடைகிறது, கோழி ருசி பார்க்கிறது, பிறகு தானே உடைக்கப் பழகுகிறது, மற்றவை பார்த்துக் கற்கின்றன. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் ஓடு மெலியும். தவிட்டையும் சோற்றையும் மட்டும் போட்டு வளர்த்தால் ஓடு எங்கிருந்து கெட்டிப்படும்? கிளிஞ்சலை இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தால் வேண்டியதைக் கோழியே பொறுக்கிக்கொள்ளும். முட்டை ஓட்டையும் வறுத்து, உருத்தெரியாமல் நொறுக்கிக் கொடுக்கலாம். கூட்டில் வைக்கோல் கனமாக இருக்க வேண்டும், வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும், முட்டையை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை எடுத்துவிட வேண்டும். மரத்தில் கடைந்த முட்டை ஒன்றை வைத்தால் கொத்திக் கொத்திப் பார்த்து விட்டுவிடும். சில கோழிகள் இதற்கும் மசியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் ஊறியவற்றைப் பிரித்து வைப்பதைத் தவிர வழியில்லை.

அடைக்கோழிக்கு நாம் செய்கிற கொடுமைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டதும் கேற ஆரம்பிக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெறுங்கூட்டில் போய் உட்காரும். முட்டை வியாபாரத்துக்கு அது நட்டம். அதனால் எழுப்பிவிட வேண்டும். வாளித் தண்ணீரில் முக்குவார்கள். அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துவாரத்தில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கிக் குறுக்காகச் செருகிவிடுவார்கள். காலில் பழைய செருப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிய விடுவார்கள். ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு எழுந்துவிடும் கோழிகளும் உண்டு. அதனால் இந்த முறைகள் பலிக்கும் என்ற பெயர் வந்துவிட்டது.

கோழியை அடையில் உட்கார வைப்பது புரோலாக்டின் என்னும் சுரப்பு. வயிற்றின் அடியில் இறகு உதிர்ந்து வெறும் தோலாகி, அந்தத் தோல் கூட்டிலும் முட்டையிலும் பட்டுக்கொண்டே இருக்கும்வரை அந்தச் சுரப்பு மேலே நிற்கும். கூட்டை அதனிடமிருந்து எடுத்துவிட்டால் தானாக இறங்கிவிடும். கம்பிவலையால் தளமிட்ட கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, வெளிச்சமும் காற்றும் வரும்படி, தண்ணீரும் தீனியும் கொடுத்து நாலைந்து நாள் அதில் விட்டால் போதும். அடியில் காற்றோடும், உட்காரக் கூடு இருக்காது. கேறத் தொடங்கிய முதல் இரண்டு நாளிலேயே செய்தால் சீக்கிரம் திரும்பும். தண்ணீரில் முக்குவது வயிற்றைக் குளிரவைக்கும் அளவில் காரணத்தைத் தொடுகிறது, சற்று நேரத்துக்கு. மூக்கில் செருகிய இறகுக்கும் புரோலாக்டினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வெறும் வலி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டையிடும் பண்ணை வெள்ளைக்கோழிக்கு அடைக்குணமே பெரும்பாலும் இல்லாமல் போகும்படி இனத்தேர்வு செய்துவிட்டார்கள். நாட்டுக்கோழியை நாம் வைத்திருப்பதற்குக் காரணமே அது தானாக அடைகாத்து, 21 நாளில் குஞ்சு பொரித்து, பருந்தையும் கீரியையும் எதிர்த்து வளர்த்துக் கொடுப்பதுதான். மின்சாரம் கேட்காத பொரிப்பான் அது. கேட்காத நேரத்தில் வேலை செய்கிறது என்பதற்காக அதன் மூக்கைக் குத்துகிறோம். பக்கத்து வீட்டில் முட்டை இருந்தால் வாங்கி வைத்துவிடலாம். வாத்து முட்டையைக்கூட மறுக்காமல் அடைகாக்கும்.

ஒன்றையொன்று கொத்துவதில் தண்டனை பலிப்பதுபோல் தோன்றும் ஓர் இடம் உண்டு. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதியவர் நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டருப்-எப்பே. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர் அவர். வரிசை தீர்ந்துவிட்டால் ஒரு முறைப்பிலேயே காரியம் முடிந்துவிடும், இரத்தம் வராது. நம் சங்கப் புலவர்களில் ஒருவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர். குப்பைமேட்டில் விலக்கிவிட ஆளில்லாமல் பொருதும் கோழிகளை உவமையாகச் சொன்னதால் வந்த பெயர். விலக்காமல் விட்டால் பெரும்பாலும் தாமே தீர்த்துக்கொள்ளும் என்பதுதான் நடைமுறை அறிவும்.

அளவு மீறிக் கொத்துகிற பெட்டையைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து, சில நாள் கழித்துத் திரும்ப விட்டால் அடங்கிவிடுகிறது. தனிச்சிறையில் திருந்தியது என்று நாம் நினைக்கலாம். உண்மையில், அது இல்லாத நாட்களில் மற்றவை வரிசையை மாற்றிக்கொண்டுவிட்டன. திரும்பி வந்ததும் புதுக்கோழி மாதிரி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த உபாயத்தைத் தாராளமாகக் கையாளலாம்.

வரிசைக்காகக் கொத்துவது வேறு, இறகைப் பிடுங்கித் தின்பது வேறு. இரண்டாவது, பறிக்க மண் இல்லாமல் போகும்போது பறிப்பு பக்கத்துக் கோழியின் முதுகுக்குத் திரும்புவது. நெருக்கடியும் புரதக்குறைவும் அதைக் கூட்டும். பண்ணைகளில் இதற்கு மூக்கு வெட்டுகிறார்கள். அலகின் நுனி நகம் மாதிரி உணர்வற்றதல்ல, நரம்பு நிறைந்தது. வெட்டின இடத்தில் நரம்பு முடிச்சுகள் வளர்வதை எடின்பரோவில் மைக்கேல் ஜென்டில் குழுவினர் 1980களில் காட்டினார்கள். கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவர் இதைச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பானையில் பழஞ்சாக்கும் சாணியும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைக் கொட்டி வளர்த்த பாட்டிகள் புரதத்தையும் வேலையையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

கீரைப்பாத்திக்கு வேலிதான் மருந்து. முளை கனக்கும்வரை கருவேல முள்ளை வெட்டிப் பரப்பினாலும் போதும். பறந்து தாண்டுகிற கோழிக்கு ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் நறுக்கினால் எழும்ப முடியாது. முதிர்ந்த இறகில் வலி இல்லை, இரத்தம் ஓடும் இளம் இறகை மட்டும் தொடக்கூடாது. அடுத்த வீட்டுப் பாத்தி என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் யானை, ஒட்டகம், பன்றி, ஆட்டுக்குட்டி வரை பட்டியல் போட்டிருக்கிறது. கோழி அதில் இல்லை. எனவே பட்டியில் அடைக்கவும் வழியில்லை. அடுத்த வீட்டுக்காரர் கல்லெறிவார், கோழிக்குக் கால் முறியும், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நிற்கும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கோழிக்கும் பொருந்தும் என்பதை எறிகிறவருக்கும் சொல்லலாம்தான். அதற்கு முன் நம் வேலியை அடைப்பது மரியாதை.

சேவல் கூவுவதைக் குற்றமாக எண்ணும் அண்டைவீட்டார் நகரங்களில் பெருகிவருகிறார்கள். நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டியபடி, விடிவதற்கு முன் கூவுவது உடலுக்குள் ஓடும் கடிகாரத்தால். மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்தாலும் கூவும். பல சேவல்கள் இருந்தால் வரிசையில் மூத்தது முதலில் கூவும், மற்றவை அதைப் பின்தொடரும். பிரான்சில் மோரிஸ் என்ற சேவலின் மேல் தொடுத்த வழக்கில் 2019இல் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021இல் நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் காக்கும் சட்டமே அங்கே வந்துவிட்டது. நெருக்கமான நகரத் தெருவில் நான் சேவல் வைக்கச் சொல்லமாட்டேன். முட்டைக்குச் சேவல் தேவையில்லை.

ஆள் மேல் பாயும் சேவல்தான் கடினமான வழக்கு. எங்கள் வீட்டில் ஒரு செவலைச் சேவல் இருந்தது. என் தங்கைக்கு அப்போது நாலு வயது. முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவளின் முதுகில் ஏறிவிட்டது. கால்முள் தோளில் கிழித்தது. சித்தப்பா கம்பை எடுத்து அடித்தார். மறுநாளும் பாய்ந்தது, மறுநாளும் அடித்தார். ஒரு மாதத்தில் அது தங்கையை விட்டுவிட்டது. சித்தப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே கழுத்து இறகை விரித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அதைத் திமிர் என்றோம். சேவல் நம்மைத் தண்டிக்கும் எசமானாகப் பார்ப்பதில்லை, இன்னொரு சேவலாகப் பார்க்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. உதைப்பது அதன் மொழியில் சண்டைக்கு ஒப்புக்கொள்வது. சண்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த அசில் வழியில் வந்த சேவலாயிருந்தால், பின்வாங்காதவற்றையே நாம் இனம் பெருக்கி வைத்திருக்கிறோம். அடி வாங்கிப் பின்வாங்கு என்று அதனிடம் கேட்க நமக்கு நியாயமில்லை.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஓடக்கூடாது, உதைக்கவும் கூடாது. முறத்தையோ பலகையையோ நடுவே பிடித்துக்கொண்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். அமைதியாகப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சற்று நேரம் நடப்பதால் சில சேவல்கள் தணிந்ததைப் பார்த்திருக்கிறேன். குஞ்சிலிருந்தே மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவல்தான் சில நேரம் மோசமாகப் பாய்கிறது. ஆளைக் கண்டால் விலக வேண்டும் என்ற கூச்சமே அதற்கு உண்டாகாமல் போயிருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், இவற்றுக்கெல்லாம் தணியாத சேவலை வைத்திருக்கக் கூடாது, அதன் வழியில் குஞ்சு எடுக்கவும் கூடாது. எங்கள் செவலை ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பானது. நான் சாப்பிடவில்லை, அழுதேன். இப்போது யோசித்தால் ஒரு மாதம் கம்பால் அடித்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அறுத்த முடிவில் எனக்குக் குறையில்லை.

தாய்க்கோழி குஞ்சைத் திருத்துவது எப்படி என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் பார்த்தார்கள். ஒரு நிறத் தீனி கசக்கும் என்று தாய்க்குப் பழக்கிவிட்டு, குஞ்சுகள் அதே நிறத் தீனியைத் தின்பதை அது பார்க்கும்படி செய்தார்கள். குஞ்சுகளுக்கு வைத்தது கசக்காத தீனிதான். தாய்க்கு அது தெரியாது. தாய் குஞ்சைக் கொத்தவில்லை, விரட்டவில்லை. தன் பக்கத்துத் தீனியை முன்னைவிட வேகமாகக் கொத்திக் காட்டியது, மண்ணைப் பறித்தது. 1996இல் இது வெளியானது. ‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்று நாம் தாயின் கண்டிப்புக்கு எடுத்துக்காட்டாகக் கோழியைச் சொல்கிறோம். மிதிபடுவது நெருக்கத்தில் நேர்வது. திருத்த வேண்டிய இடத்தில் அந்தத் தாய் சத்தம் கொடுத்து நல்ல இரையைக் காட்டுகிறது. குஞ்சுகள் வளர்ந்து தாய் மறுபடி முட்டைக்கு வரும்போதுதான் கொத்தித் துரத்தும். அது பிரித்துவிடுவது.

முருங்கையில் ஏறிக்கொண்ட கோழியைக் கீழே இறக்க என் மாமா கல்லெறிவார். அது இன்னும் உயரக் கிளைக்குப் போகும். அப்பத்தா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளக்குமாற்றைத் தொட்டதில்லை. வெயில் சாய்ந்து, கோழிக்குக் கண் மங்குவதற்கு முன்னால், ஆர்லிக்ஸ் டப்பாவில் கொஞ்சம் குருணையைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு கூட்டு வாசலில் குந்துவாள். பா, பா, பா என்று கூப்பிடுவாள். முதல் நாள் மூன்று வரும், மரத்துக் கோழி பார்த்துக்கொண்டிருக்கும். ஏழெட்டு நாளில் டப்பா குலுங்கும் முன்பே எல்லாம் வாசலில் நிற்கும். கருப்பிதான் முதலில் வரும். அலகில் பெரும்பாலும் எங்கள் கீரைப்பாத்தி மண் ஒட்டியிருக்கும்.